எலும்புக்குச் சாதி இல்லை, கட்டுக்கு இருக்கிறது

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் பாறைகளில் பாசி பிடித்துவிடும். ஒவ்வொரு சீசனிலும் ஐந்தருவியிலோ பழைய குற்றாலத்திலோ யாராவது வழுக்கி விழுந்து கையையோ காலையோ முறித்துக்கொள்வார்கள். விழுந்தவர் எந்த ஊர், எந்தத் தெரு என்று அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. நாலு பேர் தூக்குவார்கள். ஒருவர் தன் தலைத்துண்டை அவிழ்த்துக் காலில் சுற்றுவார். 108 வரும், தென்காசிக்குக் கொண்டுபோவார்கள். சாலை விபத்து என்றால் அரசே பொறுப்பேற்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் வேறு மாநிலத்துக்காரராக இருந்தாலும் வேறு நாட்டுக்காரராக இருந்தாலும் முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். அடிபட்ட மனிதனிடம் முதலில் காகிதம் கேட்காதே என்பதுதான் அதன் பொருள். நல்ல திட்டம். மனதாரப் பாராட்டுகிறோம்.

எங்கள் கேள்வி ஒன்றுதான். குற்றாலத்தில் விழுகிற வெளிநாட்டுக்காரருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, வெளிநாட்டில் விழுகிற குற்றாலத்துக்காரருக்கு ஏன் கிடைப்பதில்லை?

எங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், அவருக்கு இன்னும் கடன் பாக்கி இருக்கிறது. தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடையில் ஒரு காலனி. சீசன் மாதங்களில் குற்றாலத்தில் சுற்றுலா வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடும் வேலை, மற்ற மாதங்களில் கட்டட வேலை. மனைவி பீடி சுற்றுகிறார். இரண்டு பெண் பிள்ளைகள். பக்கத்து டவுனில் ஆள் அனுப்பும் அண்ணாச்சி ஒருவரிடம் வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்து, வட்டிக்கு வாங்கிய பணத்தையும் கட்டி, சௌதிக்குப் போனார். வேலை சாரம் கட்டுவது.

ஒன்பதாவது மாதம் இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தார். நின்ற வாக்கில் விழுந்ததால் குதிகால் எலும்பு நொறுங்கியது. கம்பெனி மேற்பார்வையாளர் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டு, வலி மாத்திரை வாங்கிக் கொடுத்து, கேம்ப் அறையில் கொண்டுவந்து போட்டுவிட்டார். இகாமாவைக் கம்பெனி புதுப்பிக்கவே இல்லை. இகாமா செத்துப்போனதால் காப்பீட்டு அட்டையும் செத்துப்போனது. பெரிய மருத்துவமனையில் அட்டை கேட்பார்கள் என்பதால் அங்கே கொண்டுபோகவில்லை. கிளினிக் சீட்டில் 'குளியலறையில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதச் சொன்னார்கள். வேலையிடத்தில் விழுந்தார் என்று எழுதினால் கம்பெனிக்குச் செலவு, விசாரணை. குளியலறை என்றால் அது அவருடைய தலையெழுத்து.

அவருடைய மனைவி எங்களுக்குப் போன் செய்தது அப்போதுதான். "கால்ல எலும்பு உடைஞ்சு கெடக்காவ, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக மாட்டக்காங்க. எம்பசின்னா என்னது, அங்க நாங்க தமிழ்ல பேசலாமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு அரசாங்க மனிதர் தென்காசியில் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று நாங்கள் தேடினோம். ஓர் அலுவலகத்தில் மனு வாங்கிக்கொண்டு இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அண்ணாச்சி வீட்டுக்கும் போனோம். திண்ணையில் உட்கார்ந்தபடியே பேசினார். எங்களை உட்காரச் சொல்லவில்லை. "வேலைக்குப் போன இடத்துல அடிபடத்தான செய்யும்" என்றார்.

ஏழு வாரம் கழித்து, அரபியில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, டிக்கெட் போட்டு அனுப்பினார்கள். திருவனந்தபுரத்தில் சக்கர நாற்காலியில் இறங்கியவரைத் தென்மலை, செங்கோட்டை வழியாக வாடகை வேனில் படுக்கவைத்துக் கொண்டுவந்தோம். இங்கே எலும்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இரண்டு விஷயம் சொன்னார். குதிகால் கோணலாகவே சேர்ந்துவிட்டது. மூட்டுவரை உடைந்து விலகிய குதிகாலுக்கு ஆபரேஷன் என்றால் இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்திருக்க வேண்டும், அந்தக் காலம் போய்விட்டது. இரண்டாவது, இடுப்புக்கு மேலே முதுகெலும்பிலும் ஒரு கட்டை நசுங்கியிருக்கிறது. உயரத்திலிருந்து விழுந்து குதிகால் உடைந்தவருக்கு முதுகையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது எலும்பு மருத்துவத்தின் பாலபாடம். ஏழு வாரம் யாரும் பார்க்கவில்லை. 'குளியலறையில் வழுக்கினார்' என்று சீட்டில் இருந்தால் முதுகைப் பார்க்க வேண்டும் என்று எந்த டாக்டருக்குத் தோன்றும்? கம்பெனி எழுதவைத்த ஒரு பொய் அவர் முதுகை உடைந்தபடியே விட்டுவிட்டது.

அதே கேம்பில், அதற்கு முந்தைய வருடம், இதே மாவட்டத்து ஆதிக்கச் சாதிக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவருக்குக் கை முறிந்தது. அவருக்கு மூன்றாம் நாளே ஆபரேஷன் நடந்தது. பிளேட் வைத்தார்கள். காரணம் கம்பெனியின் கருணை இல்லை. அவருடைய ஊர்க்காரர்களுக்கு அந்த நகரத்தில் ஒரு சங்கம் இருக்கிறது. சங்கத்தில் ஒருவர் இன்னொரு கம்பெனியில் அதிகாரி, அரபி பேசுவார், மருத்துவமனையில் யாரைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். ஒரு போன் போதுமாக இருந்தது. எங்கள் ஆளுக்காக அந்தச் சங்கத்தின் கதவைத் தட்டியபோது, "நம்ம ஆளுக இல்லையே" என்று முடித்துவிட்டார்கள். ஏழு வாரமும் அவரைத் தூக்கிக் கழிப்பறைக்குக் கொண்டுபோனவர் அறையில் கூட இருந்த ஒரு வங்கதேசத்துத் தொழிலாளி. அரபித் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று பிற்பாடு போனில் படித்துச் சொன்னவர் கடையநல்லூர் முஸ்லிம் ஒருவர். சொந்தச் சாதியும் சொந்த மதமும் சொந்த மொழியும் இல்லாத ஒருவர் செய்ததைக்கூட சொந்த மாவட்டத்துச் சங்கம் செய்யவில்லை.

இங்கே சில நண்பர்கள் குறுக்கிடுவார்கள். "விபத்து எல்லாருக்கும் நடக்கிறது. மோசமான முதலாளி எல்லாச் சாதிக்காரனையும்தான் ஏமாற்றுகிறான். இதிலும் ஏன் சாதியை இழுக்கிறீர்கள்?" என்பார்கள். சாரத்துக்குச் சாதி தெரியாது, ஒப்புக்கொள்கிறோம். விழுந்த பிறகு நடப்பதைப் பாருங்கள். வெளிநாட்டில் எலும்பு முறிந்தவருக்கு வைத்தியம் கிடைப்பதற்கு இரண்டு வழிகள்தான் உண்டு. ஒன்று, அவர் கையில் செல்லுபடியாகும் காகிதம் இருக்க வேண்டும். அல்லது அவருக்காகப் பேச ஆள் இருக்க வேண்டும். பேசும் ஆளைச் சாதி கொடுக்கிறது. சிலருக்கு மாமனாக, மச்சானாக, சங்கமாக, சங்கத்து அதிகாரியாகக் கொடுக்கிறது. தலைமுறை தலைமுறையாக நிலமும் படிப்பும் இல்லாமல் வைக்கப்பட்டவருக்கு அந்த நாட்டில் அதிகாரி வேலையில் இருக்கும் மாமன் எங்கிருந்து வருவான்? ஆகவே எங்களுக்கு மிஞ்சுவது காகிதம் மட்டும்தான். அந்தக் காகிதத்தைத் தர வேண்டியது அரசு. எங்கள் சண்டை அரசோடு.

சட்டமே இல்லை என்றும் யாரும் நினைக்க வேண்டாம். சௌதியில் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு முதலாளிதான் மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். வேலையிட விபத்துக்காகச் சம்பளத்தில் 2 விழுக்காட்டை 'கோசி' என்கிற சமூகக் காப்பீட்டு அமைப்புக்கு முதலாளிதான் கட்ட வேண்டும். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, வேலையில் காயம்பட்டவருக்குச் சிகிச்சைக் காலத்தில் ஆறு மாதம்வரை முழுச் சம்பளம், அதற்குப் பிறகும் தேறவில்லை என்றால் இன்னும் ஆறு மாதம் பாதிச் சம்பளம். சிங்கப்பூரில் வேலைக் காயத்துக்கு, யார் தவறு என்று பார்க்காமலே இழப்பீடு உண்டு. சட்டம் அங்கே இருக்கிறது. எங்கள் ஆள் மாவுக்கட்டோடு இங்கே இருக்கிறார். நடுவில் இருக்கிற தூரத்தை 'குளியலறை' என்ற ஒரு சொல்லும், படிக்கத் தெரியாத தாளில் போட்ட ஒரு கையெழுத்தும் நிரப்பிவிட்டன.

இந்திய அரசிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. பிரவாசி பாரதிய பீமா யோஜனா. இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய் பிரீமியம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 1 லட்சம். வேலை செய்ய உடல் தகுதி இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டால் விமானக் கட்டணம். பெரிய தொகை இல்லை, ஆனாலும் ஒரு பிடி. நம்ம ஆளுக்கு இது ஏன் கிடைக்கவில்லை என்று பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தோம். பார்த்த பிறகு எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அவர் பத்தாம் வகுப்பு தேறியவர்.

1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டத்தின் நடைமுறையில் பாஸ்போர்ட் இரண்டு வகை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பெரும்பாலும் ஈ.சி.ஆர். வகை. அவர்கள் வேலைக்காக வளைகுடா, மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்குப் போவதாக இருந்தால் அரசின் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியோடு இந்தக் காப்பீடும் கட்டாயம். பத்து தேறியவருக்கு அனுமதி தேவையில்லை, காப்பீடும் கட்டாயமில்லை. படித்தவன் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான் என்று அரசு நினைக்கிறது. சிங்கப்பூர் அந்த 18 நாடுகளின் பட்டியலிலேயே இல்லை. விசிட் விசாவில் ஏற்றிவிடப்படும் ஆட்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.

கல்வி கற்பியுங்கள் என்று சொன்ன அண்ணலின் பேச்சைக் கேட்டு, பீடி சுற்றிய காசில் பிள்ளைகளைப் பத்தாவதுவரை கொண்டுவந்தோம். தேறிய பையனுக்கு ஊரில் வேலை இல்லை. படிக்காதவனுக்கு அடுத்த சாரத்தில் ஏறி நிற்கிறான். விழுந்தால் படிக்காதவனுக்காவது 275 ரூபாய்க் காப்பீடு இருக்கிறது, தேறியவனுக்கு அதுவும் இல்லை. சாரம் கட்டுகிறவனின் ஆபத்தை அவன் ஏறி நிற்கிற உயரத்தை வைத்து அளக்காமல், மதிப்பெண் பட்டியலை வைத்து அளக்கும் சட்டம் எந்த ஊர் நியாயம்?

அண்ணல் இதைச் சரியாகப் புரிந்துவைத்திருந்தார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தபோதுதான் தொழிலாளர் நலக் காப்பீடு பற்றிய அதார்க்கர் அறிக்கை 1944இல் வந்தது. அதன் வழியில் வந்ததுதான் 1948ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டம். நோய்ப்பட்ட, அடிபட்ட தொழிலாளி யாருடைய கருணைக்கும் காத்திருக்கக் கூடாது, அவனுக்கு அது உரிமையாகக் கிடைக்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த உரிமை விமான நிலையத்து வாசலில் முடிந்துவிடுகிறது.

அதற்கும் முன்னால், 1925இலேயே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 19ஆம் உடன்படிக்கை, விபத்து இழப்பீட்டில் சொந்த நாட்டுத் தொழிலாளியையும் வெளிநாட்டுத் தொழிலாளியையும் சமமாக நடத்த வேண்டும் என்றது. இந்தியா 1927இல் ஏற்றது. மலேசியாவும் அதற்குக் கட்டுப்பட்ட நாடு. ஆனாலும் 1993இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களைத் தன் சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோவிலிருந்து வெளியேற்றித் தனித் திட்டத்தில் போட்டது. சர்வதேச அமைப்பு திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, 2019 ஜனவரியில்தான் மறுபடியும் சேர்த்தது. இருபத்தைந்து வருடம். ஒரு நாட்டைக் கேள்வி கேட்டால் அது மாறும் என்பதற்கும் இதுவே சாட்சி, கேட்காவிட்டால் எவ்வளவு காலம் ஓடும் என்பதற்கும் இதுவே சாட்சி.

2024 ஜூன் 12 அதிகாலை குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடம் எரிந்தது. இந்தியர்கள் 45 பேர் இறந்தார்கள், அவர்களில் 7 பேர் தமிழர்கள். விமானப்படை விமானம் உடல்களைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. கொண்டுவரத்தான் வேண்டும். அந்த இரவில் மாடியிலிருந்து குதித்துக் காயம்பட்டுப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் எப்படி நடக்கிறார்கள் என்று எந்தத் தொலைக்காட்சி விவாதம் நடந்தது? செத்தால் செய்தி, முறிந்தால் மௌனம். முறிந்தவன்தான் ஊருக்குத் திரும்பி முப்பது வருடம் வாழ வேண்டியிருக்கிறது.

வளைகுடா என்ற சொல்லை இந்த மண் எப்படிப் பயன்படுத்தியது என்பதும் எங்களுக்கு நினைவிருக்கிறது. 1981 பிப்ரவரியில் தென்காசிப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் எங்கள் மக்கள் நூற்றுக்கணக்கில் இஸ்லாத்தைத் தழுவினார்கள். சாதி இழிவு தாங்கவில்லை என்று அவர்கள் சொன்னார்கள். காதில் வாங்காமல், வளைகுடாப் பணம் புகுந்துவிட்டது என்று தில்லிவரை கூச்சல் போட்டார்கள். தலைவர்கள் படையெடுத்து வந்தார்கள். அன்று வளைகுடாவிலிருந்து எவ்வளவு பணம் வந்தது என்று துருவித் துருவிக் கேட்டவர்கள், இன்று வளைகுடாவில் எலும்பு முறிந்து திரும்புகிற எங்கள் ஆளுக்கு எவ்வளவு பணம் வர வேண்டும் என்று ஒரு முறையாவது கேட்டார்களா?

மலைக்கு அந்தப் பக்கம் கேரளம் 1996இலேயே வெளிநாட்டில் வாழ்வோருக்கென நோர்கா என்ற தனித் துறையை அமைத்துவிட்டது. இங்கே வெளிநாடு வாழ் தமிழர் நல வாரியத்துக்கான அறிவிப்பு 2021இல் வந்தது. வந்ததை வரவேற்கிறோம். ஆனால் அயலகத் தமிழர் நாள் விழா மேடையில் தொழிலதிபர்களும் பேராசிரியர்களும் நிற்பதைப் பார்க்கிறோம். ஊன்றுகோலோடு ஒருவரையும் பார்த்ததில்லை.

எங்கள் கோரிக்கைகள் இவை.

1. வேலைக்காக நாடு தாண்டும் எவருக்கும், பத்தாவது தேறியவரோ தேறாதவரோ, எந்த நாட்டுக்குப் போனாலும் காப்பீடு கட்டாயமாக்கப்பட வேண்டும். பிரீமியத்தை ஆள் அனுப்புகிறவரும் முதலாளியும் கட்ட வேண்டும்.

2. தென்காசி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஒரு மேசை வேண்டும். அந்த மேசையில் உட்காருகிறவருக்குத் தூதரகத்துக்கு எழுதவும், அரபித் தாளை மொழிபெயர்த்து வாங்கவும் அதிகாரம் வேண்டும்.

3. மாவட்டமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன, அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. பெரிய சிகிச்சைக்கு இன்றும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தாண்டி ஹைகிரவுண்டுக்குத்தான் போக வேண்டும். திரும்பி வந்தவருக்கு ஆபரேஷனும் பிசியோதெரபியும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்க வேண்டும்.

4. மாற்றுத்திறனாளிச் சான்றில் 40 விழுக்காடு வராதவர் உடலுழைப்பை மட்டுமே நம்பியவராக இருந்தால், அவருக்கும் மாற்றுத் தொழிலுக்கான உதவி வேண்டும். மேசை வேலைக்காரருக்குக் கோணல் குதிகால் ஒரு சங்கடம். சாரம் கட்டுகிறவருக்கு அது வேலையின் முடிவு.

5. தென்காசி நாடாளுமன்றத் தொகுதி தனித்தொகுதி. எங்கள் பெயரில் கிடைத்த இடம் அது. வெளிநாட்டில் அடிபட்டுத் திரும்பிய தொழிலாளர்கள் எத்தனை பேர், எத்தனை பேருக்கு இழப்பீடு வந்தது என்ற கேள்வி அந்த இருக்கையிலிருந்து எழ வேண்டும்.

இவை நடக்கும்வரை காத்திருக்க முடியாது. ஆகவே போகிற தம்பிகளுக்கும் அண்ணன்களுக்கும் சிலவற்றைச் சொல்கிறோம். பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், காப்பீடு எல்லாவற்றையும் படம் எடுத்து வீட்டுப் போனில் வைத்துவிட்டுப் போங்கள். இகாமாவோ பெர்மிட்டோ முடியும் தேதியை வீட்டிலும் எழுதி வையுங்கள். அடிபட்டால் அன்றைக்கே விழுந்த இடத்தையும் நேரத்தையும் கூட இருந்தவர் பெயரையும் வாட்ஸ்அப்பில் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், அந்தச் செய்தியே சாட்சி. டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள், வேலையில் விழுந்தேன், இவ்வளவு உயரம் என்று. எக்ஸ்ரே படத்தை விடாமல் வாங்குங்கள். மணிக்கட்டில் வலி போகவில்லை என்றால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி படம் கேளுங்கள், சில முறிவுகள் முதல் படத்தில் தெரியாது. மாவுக்கட்டுக்குள் விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ விடியும்வரை பொறுக்காதீர்கள். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வெளியுறவுத் துறையின் 'மதத்' இணையதளத்தில் வீட்டிலிருந்தே புகார் பதியலாம். சிங்கப்பூரில் இழப்பீடு கேட்க விபத்து நடந்த நாளிலிருந்து ஒரு வருடம்தான் கெடு. ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

சங்கம் இல்லாதவர்களுக்குச் சங்கம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் ரியாத்திலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். அரபி தெரிந்தவர்கள், நர்ஸ் வேலை பார்ப்பவர்கள், கம்பெனி அலுவலகங்களில் இருப்பவர்கள் ஒரு பட்டியலில் வாருங்கள். ஒருவர் விழுந்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் கட்டிலருகே ஒருவர் நிற்க வேண்டும். விழுந்தவர் எந்தச் சாதி என்று நாம் கேட்கப் போவதில்லை. அந்த வங்கதேசத்துத் தொழிலாளி கேட்கவில்லை.

இந்த வருடச் சாரலுக்கு அவர் குற்றாலம் வரவில்லை. ஈரப் பாறையில் அவரால் நிற்க முடியாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து மனைவிக்குப் பீடி இலை வெட்டிக் கொடுக்கிறார். அவருடைய கம்பெனிக்கும் நம் தூதரகத்துக்கும் நாங்கள் எழுதிய மனுக்களின் நகல் ஒரு மஞ்சப்பையில் அவர் தலைமாட்டில் தொங்குகிறது. பதில் வரும்வரை எழுதுவோம்.

ஜெய்பீம்.